பழைய ஹை கம்ப்ரஷன் என்ஜினுக்கு எந்த ஆக்டேன் பெட்ரோல்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1967இல் வந்த செவர்லே கார்வெட்டில், எல்88 என்ற என்ஜின் பொருத்திய வண்டிகளில் ஓட்டுநர் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். ஆர்.ஓ.என். கணக்கில் குறைந்தது 103, எம்.ஓ.என். கணக்கில் குறைந்தது 95 ஆக்டேன் (இவை ஆக்டேனை அளக்கும் இரண்டு சோதனைகள், முதல் படியில் பார்ப்போம்) உள்ள பெட்ரோல்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் கெட்டுப்போகலாம் என்பது அதன் சாரம். அந்த என்ஜினின் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது பெட்ரோல் காற்றுக் கலவையை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அளவு, 12.5:1. சாதாரண பங்க்கில் இன்று கிடைக்கும் பெட்ரோலுக்கு அது அடங்காது.

எல்லாப் பழைய காரும் இவ்வளவு கறார் கிடையாது. ஆனாலும் 1950களின் நடுவிலிருந்து 1970 வரை வந்த வேகக் கார்கள் பலவற்றில் 9:1, 10:1, 11:1 என்ற அளவில் கம்ப்ரஷன் இருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த காலத்து வடிவமைப்பு அது. அப்படி ஒரு வண்டியை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், பங்க்கில் எந்தக் குழாயைக் கேட்பது என்று உங்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். “இருப்பதிலேயே விலை கூடியதைப் போடு” என்பார் ஒருவர், “கையேட்டில் இருப்பதைப் போடு” என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி விடைதான். இன்று எந்த நிலையில் உங்கள் என்ஜின் இருக்கிறதோ, அந்த நிலை கேட்கும் ஆக்டேனைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அது கையேடு சொன்னதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

ஆக்டேன் எதைத் தடுக்கிறது

ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து பரவி, சிலிண்டரின் மறு ஓரத்தை நோக்கிப் போகும். போகும் வழியில் இன்னும் எரியாமல் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவையை அது நெருக்கிச் சூடாக்கிக்கொண்டே போகும். தீ வந்து சேரும் முன்பே அந்த மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொண்டு மொத்தமாக வெடித்தால் அதுதான் நாக்கிங். என்ஜின் தட்டுகிறது என்று சொல்வதும் இதைத்தான். சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதும். பிஸ்டன் தலையையும் சுவரையும் ஒட்டி இருக்கும் மெல்லிய காற்றுப்படலம்தான் தீயின் சூட்டிலிருந்து உலோகத்தைக் காக்கிறது. மோதும் அலைகள் அந்தப் படலத்தைக் கலைத்துவிடும். அதன் பிறகு பிஸ்டன் விளிம்பு அரிக்கும், ரிங் உட்காரும் மேடு உடையும், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் கிழியும்.

ஆக்டேன் எண் என்பது இப்படித் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவு, அவ்வளவுதான். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, நம் பெட்ரோல் இவற்றின் எந்தக் கலவைக்குச் சமமாக நடக்கிறது என்று ஒற்றைச் சிலிண்டர் சோதனை என்ஜினில் பார்க்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷனை ஏற்றி இறக்கக்கூடிய என்ஜின் அது. ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. 95இலேயே நாக்கிங் இல்லாமல் ஓடும் என்ஜினில் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) தொடாமல் 100 போட்டால் பர்ஸ் இளைக்கும், வண்டி அதே வேகத்தில்தான் போகும்.

நாக்கிங்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று ப்ரீ இக்னிஷன். கனன்று கிடக்கும் கரித்துண்டோ, அளவுக்கு மீறிச் சூடான பிளக் முனையோ பொறி வரும் முன்பே கலவையைக் கொளுத்திவிடுவது அது. நாக்கிங் நாள்பட அரிக்கும். ப்ரீ இக்னிஷன் சில நொடிகளிலேயே பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். ஒன்று தொடர்ந்தால் மற்றது வரும் என்பதால் இரண்டையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

முதல் படி: அந்த எண் எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது?

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஆக்டேனுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஆர்.ஓ.என். சோதனை 600 ஆர்.பி.எம். வேகத்தில், மிதமான சூட்டில் நடக்கும். எம்.ஓ.என். சோதனை 900 ஆர்.பி.எம். வேகத்தில், உள்ளே போகும் கலவையை 149 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி நடக்கும். இரண்டாவது கடுமையானது என்பதால் அதே பெட்ரோலுக்கு எம்.ஓ.என். எண் சுமார் 8 முதல் 12 வரை குறைவாக வரும்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் பங்க்கில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள், அதற்கு ஏ.கே.ஐ. என்று பெயர். ஐரோப்பியத் தரத்தில் 95 பெட்ரோலுக்கு எம்.ஓ.என். குறைந்தது 85 இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 90. 98 பெட்ரோலுக்கு எம்.ஓ.என். 88 என்றால் சராசரி 93. ஆக அமெரிக்க பங்க்கின் 93, ஐரோப்பிய பங்க்கின் 98க்குப் பக்கத்தில் நிற்கிறது. அமெரிக்க 87 ஏறக்குறைய 91 அல்லது 92 ஆர்.ஓ.என்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1960களின் அமெரிக்கக் கையேடுகளில் உள்ள ஆக்டேன் எண் பெரும்பாலும் ஆர்.ஓ.என். பங்க்குகளில் சராசரி எண் எழுதும் வழக்கம் 1970களில்தான் வந்தது. “என் கையேடு 98 கேட்கிறது, இங்கே 93க்கு மேல் கிடையாது, என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்” என்று கவலைப்படும் அமெரிக்கக் கார்க்காரருக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான்: அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பெட்ரோல்.

பழைய பிரிட்டிஷ் கையேடுகளில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் கணக்கு இருக்கும். 2 நட்சத்திரம் என்றால் 90 ஆர்.ஓ.என்., 3 என்றால் 94, 4 என்றால் 97, 5 என்றால் 100. உங்கள் வண்டி 4 நட்சத்திர வண்டி என்றால் 95க்கும் 98க்கும் நடுவில் நிற்கிறது. 98தான் பாதுகாப்பான தொடக்கம்.

எம்.ஓ.என். எண்ணை பங்க்கில் யாரும் பெரிதாக எழுதி வைப்பதில்லை. ஆனாலும் கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் அதை மறந்துவிடக் கூடாது. கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட் சூடாக, நெடுஞ்சாலை வேகத்தில், முழு லோடில் நீண்ட நேரம் ஓடும் பழைய என்ஜினின் நிலைமை எம்.ஓ.என். சோதனைக்குத்தான் நெருக்கம். கார்வெட்டில் இரண்டு எண்ணையும் எழுதி ஒட்டினார்களே, காரணம் இல்லாமல் செய்யவில்லை.

இரண்டாம் படி: உங்கள் என்ஜினின் உண்மையான கம்ப்ரஷன்

ஒரே மாடலுக்குத் தொழிற்சாலையிலேயே இரண்டு மூன்று கம்ப்ரஷன் வகைகள் இருந்திருக்கும். ஜாகுவாரின் எக்ஸ்.கே. வரிசை என்ஜின்களில் என்ஜின் எண்ணின் கடைசியில் 7, 8, 9 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. மற்ற நிறுவனங்களுக்கும் இது போன்ற குறியீடுகள் உண்டு. முதலில் என்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் ஐம்பது அறுபது வருஷத்தில் அந்த என்ஜினை எத்தனை கைகள் திறந்திருக்கும்! ஹெட் வளைந்துவிட்டது என்று இழைத்திருப்பார்கள். வேறு பிஸ்டன் போட்டிருப்பார்கள். கேஸ்கெட் தடிமன் மாறியிருக்கும். அதனால் ஹெட்டைக் கழற்ற வாய்ப்புக் கிடைத்தால் அளந்துவிடுங்கள். கணக்கு எளிது: பிஸ்டன் ஒரு தடவை மேலே போகும்போது துடைத்துச் செல்லும் கொள்ளளவோடு, மேலே மிஞ்சும் இடத்தின் கொள்ளளவைக் கூட்டி, அந்த மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு 90 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 80 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), தட்டையான பிஸ்டன். துடைத்துச் செல்லும் கொள்ளளவு 508.9 சி.சி. ஹெட்டில் உள்ள குழிவு 52 சி.சி. கேஸ்கெட்டின் துளை 92 மி.மீ., இறுக்கிய பிறகு தடிமன் 1.2 மி.மீ. என்றால் அது 8 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வந்தும் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு அரை மி.மீ. கீழே நிற்கிறது என்றால் அது 3.2 சி.சி. மேலே மிஞ்சும் இடம் மொத்தம் 63.2. கம்ப்ரஷன் 9.05:1. இதே ஹெட்டை யாரோ இழைத்ததில் குழிவு 46 சி.சி. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் இடம் 57.2 ஆகிறது, கம்ப்ரஷன் 9.9:1. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கையேட்டின்படி நடந்துகொள்ளும் உரிமையாளர் 95 போட்டுக்கொண்டே இருப்பார், என்ஜின் உள்ளே தட்டிக்கொண்டே இருக்கும்.

ஹெட் குழிவை அளக்க, வால்வுகளும் பிளக்கும் மாட்டிய ஹெட்டைத் தலைகீழாகச் சமமட்டத்தில் வைத்து, குழிவின் விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சிறு துளை போட்ட தெளிவான அக்ரிலிக் தகட்டை ஒட்டுங்கள். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயோ சாயம் கலந்த ஸ்பிரிட்டோ துளை வழியாக விடுங்கள். கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும் இடத்தில் நிறுத்தி அளவைப் படியுங்கள். எல்லாச் சிலிண்டரையும் அளந்து பாருங்கள். அதிக கம்ப்ரஷன் உள்ள சிலிண்டர்தான் முதலில் தட்டும், ஆகவே அதன் எண்தான் உங்கள் எண்.

ஹெட்டைக் கழற்ற மனமில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் ஓரளவு துப்புக் கொடுக்கும். என்ஜினைச் சூடாக்கி, இக்னிஷனைத் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று ஓடவிடுங்கள். எல்லாச் சிலிண்டரிலும் 190 பி.எஸ்.ஐ., அதாவது 13 பாருக்கு மேல் காட்டினால் உயர் ஆக்டேன் தேவைப்படும் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதை ரேஷியோவாக மாற்ற முயலாதீர்கள். கேம்ஷாஃப்ட் எப்போது இன்டேக் வால்வை மூடுகிறது என்பதைப் பொறுத்து இந்த அழுத்தம் மாறும். தாமதமாக மூடும் ரேஸ் கேம் உள்ள 10.5:1 என்ஜின், சாந்தமான கேம் உள்ள 9.5:1 என்ஜினைவிடக் குறைந்த ஆக்டேனில் அமைதியாக ஓடுவதும் உண்டு.

மூன்றாம் படி: எங்கிருந்து தொடங்குவது

வார்ப்பிரும்பு ஹெட், கார்புரேட்டர், கம்பெனி சொன்ன டைமிங் என்று வைத்துக்கொண்டால், ஆர்.ஓ.என். கணக்கில் நான் தொடங்கும் எண்கள் இவை. 8:1 வரை 91 போதும். 8க்கும் 9க்கும் நடுவில் 95. 9க்கு மேல் 9.5 வரை 95 சில வண்டிகளுக்குப் போதும், சிலவற்றுக்கு 98 வேண்டும். 9.5 முதல் 10.5 வரை 98க்குக் குறையாமல் தொடங்குங்கள். 10.5க்கு மேல் போனால் 98, 100 போட்டும் டைமிங்கில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். 11க்கு மேல், 1970இன் செவர்லே எல்.எஸ்.6 போல 11.25:1 என்றால், பங்க் பெட்ரோலோடு மட்டும் குடும்பம் நடத்துவது கடினம்.

அலுமினிய ஹெட் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவதால் கொஞ்சம் சலுகை தரும். நடுவில் பிளக் உள்ள, இறுக்கமான எரி அறையும் அப்படியே, தீ ஓட வேண்டிய தூரம் குறைவு. பெரிய போர், ஓரத்தில் பிளக், குமிழ்த் தலைப் பிஸ்டன் என்றால் தீ சுற்றி வளைத்துப் போக வேண்டும், அதற்குள் ஓரக் கலவை பொறுமை இழந்துவிடும். உயரமான மலைப் பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவதால் குறைந்த ஆக்டேனே போதும். ஆனால் அந்த டேங்கோடு சமவெளிக்கு இறங்கினால் தட்டத் தொடங்கும்.

நான்காம் படி: பெட்ரோலைக் குறை சொல்லும் முன்

நாக்கிங் என்று வரும் பழைய வண்டிகளில் பெட்ரோலைவிட என்ஜின் பக்கம் குற்றம் இருப்பதையே அதிகம் பார்க்கிறேன். அதனால் ஆக்டேன் சோதனைக்கு முன் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

டைமிங்தான் முதலாவது. கிராங்க் புல்லியில் உள்ள டி.டி.சி. குறியை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் காட்டும் குறியை, நம்பித் தொடங்காதீர்கள். வெளி வளையத்துக்கும் உள்பாகத்துக்கும் நடுவில் ரப்பர் உள்ள புல்லியாக இருந்தால் ரப்பர் இற்றுப்போய் வளையமே நழுவியிருக்கும், அதோடு குறியும். பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் பிஸ்டன் ஸ்டாப் மாட்டி, கையால் கிராங்கை இரண்டு பக்கமும் பிஸ்டன் அதில் இடிக்கும் வரை சுற்றி, இடிக்கும் இடங்களைப் புல்லியில் குறித்து, இரண்டு குறிகளுக்கும் நட்ட நடுவில் உண்மையான டி.டி.சி.யைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டைமிங் லைட்டோடு, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் எவ்வளவு, 3000 ஆர்.பி.எம். தாண்டி மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். பலர் ஐடிலில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தால் ஐடிலில் சரியாக இருக்கும், 1800இலேயே முழு அட்வான்ஸும் (பொறியை முன்கூட்டியே விடும் அளவு) வந்துவிடும். டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த இடத்தில்தான் வண்டி தட்டும். இதற்கு மருந்து புது ஸ்பிரிங். விலை கூடிய பெட்ரோல் தேவையில்லை.

அடுத்தது கலவை. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை அதிகம் சூடேறித் தட்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் உயரம், பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டில் அடைப்பு, மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு, மூன்றையும் பாருங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தட்டினால் அந்தச் சிலிண்டரின் இன்டேக் பக்கம் கசிவைத் தேடுங்கள்.

கூலிங் சரியில்லை என்றால் எந்த ஆக்டேனும் போதாது. ரேடியேட்டர் அடைப்பு, ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், என்ஜின் சூட்டையே உள்ளிழுக்கும் ஏர் ஃபில்டர் எல்லாம் ஆக்டேன் தேவையைக் கூட்டும். பழைய அமெரிக்க வி8 என்ஜின்களில் எக்ஸாஸ்ட் சூட்டை இன்டேக் பக்கம் திருப்பிவிடும் ஒரு வால்வு உண்டு. துருப்பிடித்து மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால் கார்புரேட்டர் வெந்துகொண்டே இருக்கும்.

பிஸ்டன் தலையில் படிந்த கரி இடத்தை அடைத்து கம்ப்ரஷனையும் கூட்டும், கனன்று கிடந்து கலவையையும் கொளுத்தும். வால்வு சீல், ரிங் வழியாக ஆயில் ஏறி எரிகிறது என்றால் கதை இன்னும் மோசம். ஆயில் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். நீலப்புகை விடும் என்ஜினுக்கு 100 ஆக்டேன் வாங்கிக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற வேலை.

பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளியே கடத்தும் என்று காட்டும் வெப்ப எண்ணையும் சரிபாருங்கள்; சீக்கிரம் கடத்துவது குளிர்ச்சியான பிளக். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சியான பிளக்; பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடான பிளக். கம்பெனி மாற்றி வாங்கும்போது ஒப்பீட்டுப் பட்டியல் பார்க்காமல் மாட்டினால் தலைகீழாகிவிடும்.

ஐந்தாம் படி: சாலையில் சோதனை

மேலிருந்து கீழே இறங்குங்கள். உங்கள் ஊரில் கிடைக்கும் உயர்ந்த ஆக்டேனில் தொடங்கி, தட்டாமல் ஓடுகிறது என்று உறுதியான பின் ஒரு படி குறைத்துப் பாருங்கள். கீழிருந்து மேலே போனால் ஒவ்வொரு சோதனையிலும் பிஸ்டன்தான் அடி வாங்கும்.

டேங்கில் ஏற்கெனவே இருப்பதை மறக்காதீர்கள். பெட்ரோல் கலந்தால் ஆக்டேன் ஏறக்குறைய விகிதப்படி சேரும். 20 லிட்டர் 91 இருக்கும் டேங்கில் 20 லிட்டர் 98 ஊற்றினால் உங்களிடம் இருப்பது 94.5. டேங்க் ஏறக்குறையக் காலியான பின் நிரப்பி, கொஞ்ச தூரம் ஓட்டி, கார்புரேட்டருக்குள் இருந்த பழையது தீர்ந்த பிறகு சோதியுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பழைய பெட்ரோலை வைத்துச் சோதித்து ஒரு பயனும் இல்லை, வடித்துவிடுங்கள்.

என்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும். போக்குவரத்து இல்லாத ஒரு நீண்ட ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். ரேடியோ வேண்டாம், கண்ணாடியை இறக்குங்கள். பக்கத்தில் சுவரோ தடுப்போ இருந்தால் சத்தம் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும். டாப் கியரில் 1500 முதல் 2500 ஆர்.பி.எம். வரை, ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல முழுக்க மிதியுங்கள். தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு கிலுகிலு சத்தம் வந்தால் அதுதான். உடனே காலை எடுத்துவிடுங்கள். கியர் மாற்றும் நொடியில் ஒரு சிறு கிணுக்கம் கேட்டு மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மிதித்திருக்கும் வரை தொடர்ந்து கேட்டால் அந்தப் பெட்ரோல் உங்கள் என்ஜினுக்குப் போதவில்லை.

இன்றைய கார்களில் நாக் சென்சார் கேட்டு, கம்ப்யூட்டர் தானே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் அந்த வேலை உங்கள் காதுக்கு. ஆனால் நெடுஞ்சாலையில் 4000 ஆர்.பி.எம். வேகத்தில் எக்ஸாஸ்ட் சத்தமும் காற்றிரைச்சலும் சேர்ந்து நாக்கிங்கை மூழ்கடித்துவிடும். என்ஜின்கள் உடைவது பெரும்பாலும் அந்தக் கேட்காத நாக்கிங்கில்தான். அதற்குத்தான் பிளக்கைப் பார்ப்பது.

வேகமாக ஓட்டி முடித்ததும் என்ஜினை ஐடிலில் விடாமல் நிறுத்தி, ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பூதக்கண்ணாடியில், நல்ல வெளிச்சத்தில், நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் சமமாகப் படிந்திருந்தால் நல்லது. மிளகுப்பொடி தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது என்று பொருள். அதில் ஒன்றிரண்டு புள்ளி வெள்ளியாக மினுங்கினால், அது பிஸ்டனிலிருந்து கிளம்பி வந்து ஒட்டிய அலுமினியம். அந்த நிமிடமே சோதனையை நிறுத்துங்கள். எந்தச் சிலிண்டரின் பிளக் என்று குறித்துவைக்க வசதியாக, கழற்றும்போதே வரிசையாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கிடைக்கும் பெட்ரோல் போதவில்லை என்றால்

முதலில் டைமிங்கை 2 டிகிரி பின்னுக்கு எடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தட்டல் நிற்கவில்லை என்றால் இன்னும் 2. அதற்கு மேல் போக எனக்கு விருப்பமில்லை. டைமிங் மிகவும் பின்தங்கினால் தீ முழுக்க எரியும் முன் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வு கருகும், தண்ணீர்ச் சூடு ஏறும், வண்டி மந்தமாகும். சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஐடில் டைமிங்கை அப்படியே வைத்துவிட்டு மொத்த அட்வான்ஸை மட்டும் குறைக்கலாம், அல்லது தடித்த ஸ்பிரிங் போட்டு அது வரும் வேகத்தைத் தள்ளிப்போடலாம். ஒட்டுமொத்தமாகப் பின்னிழுப்பதைவிட அதுவே நல்ல வழி.

ஆக்டேன் பூஸ்டர் வாங்குவதாக இருந்தால் டப்பாவில் என்ன சொல்லியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். “5 பாயின்ட் கூடும்” என்பது பல டப்பாக்களில் அரை ஆக்டேன், ஏனென்றால் ஒரு பாயின்ட் என்பது 0.1. மாங்கனீஸ் உள்ள பூஸ்டர்கள் பிளக்கில் துருநிறப் படிவை விட்டுவிடும், அதன் பிறகு பிளக்கைப் படிப்பது சிரமம். ரேஸ் பெட்ரோல் சட்டப்படி கிடைத்தால் கலந்துகொள்ளலாம்: 30 லிட்டர் 98இல் 10 லிட்டர் 106 சேர்த்தால் 100. விமானப் பெட்ரோலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் 100 எல்.எல். என்ற வகையில் ஈயம் இருக்கிறது, சாலை வண்டியில் போடுவது பல நாடுகளில் சட்டவிரோதம், ஆவியாகும் தன்மையும் வேறு.

வண்டியை அடிக்கடி ஓட்டுபவர் என்றால் கம்ப்ரஷனையே இறக்கிவிடுவது நிம்மதி. தடித்த கேஸ்கெட் போட்டு இறக்கலாம் என்று சொல்வார்கள். நம் உதாரணத்தில் 1 மி.மீ. தடிமன் கூட்டினால் 9.9 என்பது 9க்கு வந்துவிடும், கணக்கு சரிதான். ஆனால் ஹெட்டின் தட்டைப் பகுதியும் பிஸ்டனும் சுமார் 1 மி.மீ. இடைவெளியில் நெருங்கிக் கலவையைப் பிளக் பக்கம் பிதுக்கித் தள்ளும்படி வடிவமைத்த என்ஜின்களில், அந்த இடைவெளி இரட்டிப்பானால் கலவை சுழலாது, தீ மெதுவாகப் போகும், ஓரத்தில் மிச்சக் கலவை கூடும். கம்ப்ரஷன் குறைந்தும் தட்டல் நிற்காமல் போகக் காரணம் இதுதான். என்ஜினை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் நடுவில் குழிவுள்ள பிஸ்டன் போட்டு, ஓர இடைவெளியை அப்படியே காப்பாற்றுங்கள்.

ஈயமும் எத்தனாலும் தனிக் கணக்கு

ஈயம் இரண்டு வேலை செய்தது: ஆக்டேனைக் கூட்டியது, வால்வு சீட் தேயாமல் காத்தது. ஈயம் போனதால் வந்த சீட் தேய்மானத்தை உயர் ஆக்டேன் பெட்ரோல் தீர்க்காது. கடினச் சீட் வளையம் போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். போடவில்லை என்றால் நீண்ட வேகப் பயணத்துக்குப் பின் எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளியை அளந்து பாருங்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது. அதற்கென்று விற்கும் பாதுகாப்புத் திரவம் தற்காலிகமாக உதவும், ஹெட்டைத் திறக்கும்போது வளையம் போட்டுவிடலாம்.

எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது கலவையைக் குளிரவும் வைக்கும். அந்த வகையில் நாக்கிங்குக்கு அது நண்பன். ஆனால் பழைய ரப்பர் குழாய், கார்க் கேஸ்கெட், ஃபைபர் கிளாஸ் டேங்க், டேங்க் உள்பூச்சு இவற்றுக்கெல்லாம் பகை. தண்ணீரையும் உறிஞ்சும். ஆக்சிஜன் அதில் இருப்பதால் கலவை மெலிந்துபோகும்: சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று சரி என்றால், 10 சதவீதம் எத்தனால் உள்ள இ10க்கு 14.1. பழைய ஜெட் அப்படியே இருந்தால் மெலிந்த கலவையே நாக்கிங்கைக் கொண்டுவந்துவிடும். ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டி வரலாம். எத்தனால் குறைந்த பெட்ரோலும் உயர் ஆக்டேனும் ஒரே குழாயில் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் வண்டிக்குள் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரம் அச்சிட்டதாக மாற்றிவிட்டு, ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

எந்தப் பெட்ரோல், என்ன டைமிங், அன்றைய வெயில் எப்படி, எந்தச் சிலிண்டரின் பிளக் என்ன நிறம் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கோடை உச்சத்தில் ஒரு தடவை, பங்க்கை மாற்றினால் ஒரு தடவை, கார்புரேட்டரையோ டிஸ்ட்ரிபியூட்டரையோ தொட்டால் ஒரு தடவை, ஐந்தாம் படியை மறுபடி செய்யுங்கள்.